மாப்பிள்ளை தாண்டாத பாலம்

எங்கள் ஊர் ஆற்றுப் பாலத்தின் வரலாற்றை எழுதியவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. அதில் பாதி என் கற்பனை என்று வாயால் பலரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன், யாரும் நம்பவில்லை. எங்கள் பக்கத்தில் அச்சில் வந்தால்தான் நம்புவார்கள். அதனால் இதையும் அச்சில் ஏற்றிப் பார்க்கிறேன்.

பாலத்துக்கு ஐந்து கண், அதாவது தண்ணீர் போக ஐந்து வளைவு. செம்புறாங்கல்லைச் சுண்ணாம்பு வைத்து அடுக்கி, மேலே கருங்கல் பாவி, இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்குச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். ஒரு பஸ் தாராளமாகப் போகலாம். எதிரே இன்னொரு பஸ் வந்துவிட்டால் யார் பின்னால் போவது என்று இரண்டு டிரைவர்களும் இறங்கிப் பேச, பயணிகளும் இறங்கிக் கருத்துச் சொல்வார்கள். கீழே ஓடுவதாகச் சொல்லப்படும் ஆறு, வருஷத்தில் பத்து மாதம் மணல். மீதி இரண்டு மாதம் ஈர மணல்.

இதை யார் கட்டியது என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. அக்கரைக்காரர்களைக் கேட்டால் வெள்ளைக்காரன் என்பார்கள். இக்கரையில், பர்மாவிலிருந்து திரும்பிய செட்டியார் ஒருவரின் கார் மணலில் புதைந்துபோக, அந்தக் கோபத்தில் அவர் கட்டினார் என்பார்கள். சுவரில் ஒரு கல்வெட்டு இருப்பதாகக் கேள்விப்பட்டு ஒருநாள் கரண்டியோடு போனேன். தேர்தலுக்குத் தேர்தல் கட்சிக்காரர்கள் அதன் மேல் சுண்ணாம்பு அடித்துச் சின்னம் வரைந்திருக்கிறார்கள். சுரண்டினேன். ஒரு சின்னத்துக்குக் கீழே இன்னொரு சின்னம், அதற்குக் கீழே அந்தக் கட்சி உடைவதற்கு முன்னால் இருந்த சின்னம். ஒரு மணி நேரம் சுரண்டியும் கல் வரவில்லை. எதிர்க்கட்சிக்காரன் என்று நினைத்து ஒருவர் என்னை விரட்டினார்.

எனக்குக் காரைக்குடியில் ஒரு சின்ன அச்சகம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி என்று மனித வாழ்வின் முக்கியமான கட்டங்களில் எல்லாம் என்னிடம் வந்துதான் ஆக வேண்டும். தமிழ் எம்.ஏ. படித்தவன் என்பதால் பிழையில்லாமல் அடித்துத் தருவேன் என்று ஒரு பெயர் உண்டு. எழுத்தில் பிழை இருக்காது. கருத்தில்தான்.

இருபது வருஷம் இருக்கும். எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு விழா மலர் அடிக்கும் வேலை எனக்கு வந்தது. மலர் என்பது எட்டு எட்டுப் பக்கமாகத்தான் அச்சாகும். பெரிய தாளில் எட்டுப் பக்கம் அடித்து, மடித்து, வெட்டுவது. எல்லாம் கூட்டிக் கழித்துச் சரியாக வந்த நேரத்தில், பாத்திரக்கடைக்காரர் ஒருவர் தன் விளம்பரத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார். தன் படத்தைவிடப் பங்காளியின் படம் அரை அங்குலம் பெரிதாக இருந்ததுதான் காரணம். ஒரு பக்கம் வெள்ளையாக நின்றது. கும்பாபிஷேக மலரில் வெறும் பக்கம் விட்டால் ஊருக்கே ஆகாது என்றார் விழாக் குழுத் தலைவர். மறுநாள் காலைக்குள் நிரப்பியாக வேண்டும்.

‘நம் ஊர்ப் பாலம்: ஒரு வரலாற்றுப் பார்வை’ என்று தலைப்புப் போட்டேன். தெரிந்ததையெல்லாம் எழுதினேன். ஒன்பது வரி வந்தது. கட்சிச் சின்னங்களைச் சேர்க்க முடியாது. அப்போது நான் நாட்டார் வழக்காறு பற்றிய புத்தகங்களாகப் படித்துத் தள்ளிக்கொண்டிருந்த காலம். ஊருக்கு ஊர் பாலத்தைப் பற்றி ஏதாவது ஒரு நம்பிக்கை இருந்தது. எங்கள் பாலத்தில்தான் பஸ் பின்னால் போவதைத் தவிர ஒன்றுமே நடக்கவில்லை. எனக்கே அவமானமாக இருந்தது. எழுதினேன்:

‘மணமாலை சூடிய மாப்பிள்ளை இப்பாலத்தின்மீது கால் வைப்பதில்லை. ஆற்றில் இறங்கி, மணலில் நடந்து, ஆற்றன்னையின் அனுமதி பெற்றே அக்கரை ஏறுவது தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும்.’

இதற்கு முன்னும் பின்னும் அடைமொழிகளை அடுக்கியதும் பக்கம் நிரம்பிவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன்.

விழா மலரை யாரும் படிப்பதில்லை என்பது எங்கள் தொழிலின் அடிப்படை நம்பிக்கை. தங்கள் படம் இருக்கிறதா, பக்கத்து வீட்டுக்காரன் படத்தைவிடச் சின்னதாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பரணில் போட்டுவிடுவார்கள். ஆனால் அடுத்த தை மாதமே ஒரு மாப்பிள்ளை பாலத்தின் முன்னால் காரை நிறுத்தி, பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கருவேல முள்ளுக்கு நடுவே மணலில் இறங்கினார். பின்னாலேயே போட்டோகிராபர் இறங்கினார். படம் அருமையாக வந்துவிட்டது. எங்கள் வட்டாரத்தில் ஒரு சடங்கு நிலைப்பதற்கு ஆகமமோ புராணமோ தேவையில்லை, போட்டோ நன்றாக விழ வேண்டும்.

நாலைந்து வருஷத்தில் ஆற்றுக்குள் இறங்கப் படிக்கட்டு கட்டிவிட்டார்கள். ‘மாப்பிள்ளை இறங்கும் துறை’ என்று பலகை வந்தது. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் வழி காட்டும் படத்தில் அந்தத் துறையையும் குறித்துக் கொடுங்கள் என்று என்னிடமே கேட்டார்கள். குறித்துக் கொடுத்தேன். ஆதாரங்களும் சேர ஆரம்பித்தன. பாலத்தின் மேல் வந்த ஒரு மாப்பிள்ளைக்கு ஆறு மாதத்தில் முடி கொட்டிப்போனது. இன்னொருவருக்கு மாமியார் சரியாக அமையவில்லை. ஒரு பேராசிரியர் மதுரையிலிருந்து வந்து இந்த வழக்கம் பற்றி என்னிடம் பேட்டி எடுத்தார். ஆதாரம் கேட்டார். மலரைக் கொடுத்தேன்.

என் மனைவியிடம் மட்டும் ஒருநாள் உண்மையைச் சொன்னேன். அவள் கேட்டாள்:

“நம்ம கல்யாணத்துக்கு நீங்க பாலத்து மேலதானே கார்ல வந்தீக?”

“ஆமா.”

“அப்ப சரியாத்தான் எழுதிருக்கீக.”

இப்படியே போயிருக்கும். போன கார்த்திகையில் என் தங்கை மகள் கல்யாணம் வந்தது.

மாப்பிள்ளை கண்டரமாணிக்கத்துப் பக்கம். துபாயில் வேலை. கல்யாணம் ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போயிருந்தது. ஆவணியில் நாள் குறித்துப் பத்திரிகையும் கொடுத்த பிறகு அவர்கள் பங்காளி வீட்டில் ஒரு சாவு. இப்போது குறித்தது கார்த்திகையின் கடைசி முகூர்த்தம். இதை விட்டால் மார்கழி. திங்கட்கிழமை மாப்பிள்ளைக்கு விமானம், அடுத்த லீவு ஒரு வருஷம் கழித்து. என் தங்கை, கணவர் போன பிறகு ஏழு வருஷமாகத் தனியாக நின்று இந்தக் காரியத்தை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். முகூர்த்தம் காலை ஒன்பதிலிருந்து பத்தரை. மண்டபம் எங்கள் கரையில், பாலத்தைத் தாண்டினால் கூப்பிடு தூரம்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பிருந்து மழை. மேற்கே கண்மாய்கள் எல்லாம் நிரம்பி வழிந்து மறுகால் பாய்ந்து, கல்யாணத்தன்று காலை எங்கள் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. ஈர மணல் அல்ல, நிஜமான தண்ணீர். ஆள் உயரத்துக்குச் செந்நிறமாகச் சுழித்துக்கொண்டு, தென்னை மட்டையும் யார் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியுமாக ஓடியது. மாப்பிள்ளை இறங்கும் துறையில் பலகையின் மேல் விளிம்பு மட்டும் தெரிந்தது. ஊரே கரையில் நின்று சந்தோஷமாக வேடிக்கை பார்த்தது.

எட்டரைக்கு மாப்பிள்ளை வீட்டார் ஒரு பஸ்ஸிலும் இரண்டு காரிலும் வந்து அக்கரையில் நின்றார்கள். ஒன்பது மணிக்கும் நின்றுகொண்டே இருந்தார்கள். என்ன என்று பார்க்க நான் குடையோடு பாலத்தைக் கடந்து போனேன்.

மாப்பிள்ளையின் பெரியப்பா பாலத்தின் முகப்பில் நின்றிருந்தார். கட்டட காண்டிராக்டர், பரம்பரையாகவே கட்டட வேலைக்காரர்கள். மாப்பிள்ளையின் அப்பா பேச வேண்டுமானால்கூட இவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். பெரியப்பா கைப்பிடிச் சுவரில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

“என்ன வேலை பார்த்திருக்காக பாருங்க சம்மந்தி! இன்னும் இருநூறு வருசம் நிக்கும். லாரி போகலாம், யானை போகலாம்.”

“அப்ப மாப்பிள்ளை வரலாம்ல?”

“அதெப்படி? யானை வேற, மாப்பிள்ளை வேற.”

வேறு சாலை வழியாகச் சுற்றி வரலாம் என்று பார்த்தால் அங்கே மறுகால் தண்ணீர் இடுப்பளவு நின்றது. பெரியப்பா தன்னிடம் இருக்கும் ஜேசிபியை வரவழைத்து, முன்னால் இருக்கும் வாளியில் மாப்பிள்ளையை உட்கார வைத்து ஆற்றைக் கடத்துவது பற்றிக் கொஞ்ச நேரம் யோசித்தார். மணலில் சக்கரம் புதைந்துவிடும் என்று அவரே அதைக் கைவிட்டார். வண்டி அவருடையது அல்லவா.

இதற்கிடையில் மற்ற எல்லாமும் பாலத்தைக் கடந்தன. சீர்த்தட்டுகள் கடந்தன. நாதஸ்வரக்காரர்கள் கடந்தார்கள். பெண்களை ஏற்றிக்கொண்டு பஸ் கடந்து, இறக்கிவிட்டு, திரும்பவும் வந்து மீதிப் பேரை ஏற்றிக்கொண்டு போனது. மாப்பிள்ளை மணலில் இறங்குவதற்காகக் கழற்றிய செருப்பைக்கூட யாரோ கொண்டுபோய் மண்டப வாசலில் ஜோடியாக வைத்துவிட்டார்கள். அவன் மட்டும் கழுத்தில் மாலையும் வெறுங்காலுமாகக் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, “நான் நடந்தே போயிடறேனே” என்றான். “நீ கண்ணாடிய ஏத்துப்பா, மழை அடிக்குது” என்றார் பெரியப்பா.

ஒன்பதே முக்கால் ஆனது. வேறு வழியில்லை. பெரியப்பாவைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னேன்.

“சம்மந்தி, அந்த வழக்கம் பொய். மலர்ல ஒரு பக்கம் காலியா இருந்துச்சு. நானா உக்காந்து எழுதுனது.”

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

“கல்யாணம் நடக்கணும்னு என்ன வேணா சொல்லுவீகளா? உங்க எழுத்து மேல எங்க குடும்பத்துக்கே ஒரு மரியாதை இருக்கு. அதைக் கெடுத்துக்கிறாதீக.”

“சத்தியமாச் சொல்றேன், நான்தான் உண்டாக்குனேன்.”

அவர் செல்போனை எடுத்தார். அதில் மலரில் நான் எழுதிய பக்கம் இருந்தது. நிச்சயதார்த்தத்தன்றே யாரோ படம் பிடித்து அவர்கள் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறார்கள். விரலால் பெரிதாக்கிக் காட்டினார்.

“என்ன போட்டிருக்கீக? தொன்றுதொட்டு. தொன்றுதொட்டுன்னா நீங்க பொறக்கிறதுக்கு முன்னாடி. பொறக்காதவரு எப்படி உண்டாக்க முடியும்?”

எம்.ஏ.வில் தர்க்கம் ஒரு பாடமாக இருந்தது. அன்றைக்கு அது உதவவில்லை.

அப்போது என் தங்கை பாலத்தின் மேல் வந்துகொண்டிருந்தாள். பட்டுப்புடவை நனைகிறது, குடை இல்லை. சம்பந்தி வீட்டார் முன்னால் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு என்னை ஓரமாக இழுத்தாள்.

“அண்ணே, மணி என்ன தெரியுமா? ஐயர் ரெண்டு தடவ கேட்டுட்டாரு.”

“சொல்லிட்டேன்த்தா. நம்ப மாட்டேங்கிறாரு.”

“இவருக்கு உண்மைய எதுக்குச் சொல்ற? நாலு மாசமா என் பிள்ளை எவன் கேட்டாலும் ‘கல்யாணம் தள்ளிப்போயிருக்கு, தள்ளிப்போயிருக்கு’ன்னு சொல்லிக்கிட்டுக் கிடக்கு. இன்னொரு தடவை பத்திரிகையத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போக எனக்குத் தெம்பு இல்ல. நீ எழுதுனதுதானே? நீயே மாத்து.”

சொல்லிவிட்டு வந்த வழியே நடந்தாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது. பாலத்தின் நடுவில் ஒருமுறை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மழையாகக்கூட இருக்கலாம்.

நான் பெரியப்பாவிடம் திரும்பிப் போனேன்.

“ஒண்ணு சொல்லணும். அந்தக் கட்டுரையில இடம் பத்தாம ஒரு பத்தியை வெட்டிட்டேன்.”

அவர் முகம் மாறியது. சுற்றி நின்றவர்கள் நெருங்கினார்கள். சற்று முன் நான் உண்மையைச் சொன்னபோது ஒருவர்கூடக் குடையைச் சாய்த்துக் கேட்கவில்லை.

“விதிவிலக்கு ஒண்ணு உண்டு. ஆத்துல தண்ணி ஓடி, மாப்பிள்ளை இறங்க முடியாமப் போனா...” இதற்கு மேல் எனக்கே தெரியாது. நின்றேன். எல்லோரும் காத்திருந்தார்கள். “மாப்பிள்ளை ஆத்துக்குப் போக முடியாதப்ப, ஆறு மேல வரணும். பொண்ணோட தாய்மாமன் ஆத்துத் தண்ணிய மொண்டு பாலம் முழுக்க ஊத்தணும். ஊத்திட்டா அது பாலம் இல்ல, ஆறு. மாப்பிள்ளை நடக்கலாம்.”

பேச்சு வேகத்தில் தாய்மாமன் என்று வந்துவிட்டது. பெண்ணின் தாய்மாமன் யார் என்பது வாக்கியம் முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

“அதானே பார்த்தேன்!” என்று பெரியப்பா தொடையில் தட்டினார். “பெரியவுக ஒரு வழி வைக்காமலா போயிருப்பாக? இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? பொய்யின்னீக, நான் எழுதுனேன்னீக...”

அவருக்கு அதற்குப் பிறகு இது ஒரு கட்டட வேலை. மண்டபத்துச் சமையல்காரரிடமிருந்து குடங்கள் வந்தன. முங்காத படியில் இரண்டு பேர் நின்று மொண்டு கொடுக்க, வரிசையாகக் கை மாறி, குடம் என்னிடம் வரும். ஊற்றுவது மட்டும் தாய்மாமன். ஐம்பத்திரண்டு வயது, இடுப்பில் பெல்ட் போட்டிருக்கும் தாய்மாமன். மூன்றாவது குடத்தில் நிமிர்ந்து பாலத்தின் நீளத்தைப் பார்த்தேன். அது அவ்வளவு நீளம் என்று என் கட்டுரையில் நான் எழுதவே இல்லை.

“சம்மந்தி, மழையில பாலம் ஏற்கெனவே நனைஞ்சுதானே இருக்கு?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“அது வானத்துத் தண்ணி. ஆத்துத் தண்ணி ஆகுமா? படிச்சவுக நீங்களே இப்படிப் பேசலாமா?” என்றவர், “கான்கிரீட்டுக்குத் தண்ணி விடுற மாதிரி விடுங்க. ஓரத்த விட்டுறாதீக, ஓரத்த! டேய், மாமனுக்குக் குடத்த நெறைச்சுக் குடுங்கடா, பாதிப் பாதியாக் குடுத்தா எப்ப முடிக்கிறது?” என்று வரிசையைப் பார்த்துக் கத்தினார்.

மேலிருந்து மழை, கையிலிருந்து ஆறு. ஒரே கல்லின் மேல் இரண்டும் விழுந்தன. எது எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியவில்லை. பெரியப்பாவுக்குத் தெரிந்தது. “இந்தா, இங்குட்டு விட்டுப்போச்சு” என்று விரலால் சரியாகக் காட்டினார்.

நான் ஐந்தாவது கண்ணை முடித்தபோது பத்து இருபது. கார்க் கதவு திறந்தது. மாப்பிள்ளை இறங்கினான். ஒரு நிமிஷம் பாலத்தைப் பார்த்தான். பிறகு வேட்டியை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆழம் தெரியாமல் இறங்குகிறவனைப் போல ஒவ்வோர் அடியாக வைத்து வந்தான். பின்னால் பெரியப்பாவும் வேட்டியைத் தூக்கினார். அவர் பின்னால் வந்த அத்தனை பேரும் தூக்கினார்கள். தரையோடு ஒட்டிய ஈரத்தில் ஒரு குடும்பமே முழங்கால் தெரிய நடந்தது. பாலத்துக்குக் கீழே நிஜ ஆறு யாராலும் கவனிக்கப்படாமல் போய்க்கொண்டிருந்தது. போட்டோகிராபர் பின்பக்கமாகவே நடந்து எடுத்துத் தள்ளினார். படம் நன்றாக வந்துவிடும் என்று எனக்கு அப்போதே பயமாக இருந்தது.

பத்து இருபத்தெட்டுக்குத் தாலி ஏறியது. நான் சொட்டச் சொட்ட மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்றேன். என் மனைவி துண்டைக் கொடுத்து, “அந்தப் பத்தியை எப்ப வெட்டுனீக?” என்று மட்டும் கேட்டாள்.

மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு மழை விட்டு நல்ல வெயில் அடித்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் கண்டரமாணிக்கம் புறப்பட வேண்டும். பெரியப்பா விருந்துக் களைப்பில் பஸ்ஸின் முன் இருக்கையில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். பஸ் போய்விட்டது. திரும்பிப் போவதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. பாலம் வெயிலில் காய்ந்து கிடந்தது. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

கார் பாலத்துக்கு முன்னால் வந்து நின்றது. என் தங்கை மகள் கழுத்து மாலையோடு இறங்கி வந்தாள். மருந்தாளுநர் படிப்புப் படித்த பெண், எதையும் அளந்துதான் பேசுவாள்.

“மாமா, குடம் எங்க?”

நான் அவளைச் சுவரோரமாக அழைத்துப்போனேன்.

“ஆத்தா, உன்கிட்ட மறைக்கக் கூடாது. அதெல்லாம் சும்மா. காலையில சொன்னதும் பொய், மலர்ல எழுதுனதும் பொய். மாமா வாயிலருந்து வந்தது.”

“தெரியும் மாமா. அத்தை எப்பவோ சொல்லிருக்காக.”

“பெறகென்ன?”

“எங்களுக்குள்ள சண்டையே வராதா? அவருக்கு ஒரு தலைவலி வராதா? வந்தா எங்கம்மா இந்தப் பாலத்தத்தான் நினைக்கும். ராத்திரி தூங்காது.” மண்டபத்துப் பக்கம் பார்த்தாள். தங்கை வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஊத்திருங்க மாமா. எனக்காக இல்ல.”

வரிசையில் நிற்க ஆள் இல்லை. தண்ணீர் இரண்டு படி இறங்கியிருந்தது. மாப்பிள்ளை தானே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி மொண்டு கொடுக்க, நான் ஊற்றினேன். இடையில் அவன், “இந்த வழக்கம் எங்க ஊர் ஆத்துக்கும் உண்டா?” என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். அன்று நான் சொன்ன உண்மைகளில் மாப்பிள்ளை வீட்டார் நம்பியது அது ஒன்றுதான்.

இருவரும் கைகோத்துக்கொண்டு நடந்து அக்கரை ஏறினார்கள். கார் பின்னாலேயே போனது. என் தங்கை வாசலிலிருந்து கையை உயர்த்தி, அது திருப்பத்தில் மறையும்வரை வைத்திருந்து, பிறகு உள்ளே போனாள்.

நான் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மூன்றாவது கண்ணுக்கு நேரே, சுவரோரமாக, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓர் இடம் காய்ந்தே இருந்தது. தண்ணீர் படவில்லை. முன்னும் பின்னும் பார்த்தேன். ஒருவரும் இல்லை. இன்னும் இரண்டு அடி எடுத்து வைத்தேன். பிறகு திரும்பிப் படியில் இறங்கி, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, குடத்தைத் தண்ணீரில் சாய்த்தேன்.